பாட்டுக்கு நடுவே மூன்று ஓலை

எங்கள் ஊரில் அந்தப் படத்தின் படப்பிடிப்பு பதினொரு நாள் நடந்தது. காதலுக்கு நாலு நாள் போனது. மீதி எல்லாம் ஆட்டுக்குட்டிக்குப் போனது.

நாயகன் நாயகிக்கு ஒரு வெள்ளைக் குட்டியைப் பரிசாகக் கொடுப்பான். அது அவள் பின்னாலேயே சுற்றும். கதையில் அப்படித்தான் இருந்தது. குட்டிக்குக் கதை தெரியாது. அது சாப்பாட்டு வண்டிக்காரர் பின்னால் சுற்றியது. முதல் குட்டி ஓடிப்போனது. இரண்டாவதுக்குக் கழிச்சல். படத்தில் ஒரே குட்டியாக வருவது உண்மையில் ஐந்து குட்டி. நாயகி மடியில் வைத்து "என் ராசாத்தி" என்று கொஞ்சுவது ஒரு கிடா. கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கி எடுத்துச் சமாளித்தார்கள். கடைசி நாள் எல்லாருக்கும் பிரியாணி போட்டார்கள். எந்தக் குட்டி என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அந்தப் படத்தில் வேலை இருந்தது. நாயகியின் வளையல் எந்தக் கையில் இருந்தது, துப்பட்டா எந்தத் தோளில் கிடந்தது, நாயகனின் டீ டம்ளரில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஷாட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும். துணை இயக்குநர் வெற்றிசெல்வனுக்கு உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

அதனால் சில விஷயங்கள் எனக்குத் தெரியும். மழையில் நாயகன் காதலைச் சொல்லும் காட்சி சித்திரை வெயிலில் எடுத்தது. மழை, டீக்கடை நாகராசு அண்ணனின் டிராக்டர் டேங்கரில் வந்தது. போர் தண்ணீர், நல்ல உப்பு. நாயகிக்குக் கண் எரிந்து திறக்க முடியவில்லை. பாதிக் கண்ணாலேயே மொத்தக் காதலையும் சொல்லிவிட்டார் என்று பிறகு ஒரு பத்திரிகையில் எழுதினார்கள்.

அவருக்குத் தமிழும் தெரியாது. வசனத்துக்குப் பதில் இந்தியில் எண்ணுவார். குரல் பின்னால் வேறு யாரோ கொடுத்தார்கள். "நீ இல்லாத ஊரு எனக்கு எதுக்கு" என்று கேட்டு நீங்கள் அழுதிருந்தால், நீங்கள் அழுதது பதினேழிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும். இருபதில் அவருக்கே குரல் தழுதழுத்தது. ஒரே டேக்கில் ஓகே.

கிறிஸ்தவக் கோயில் காட்சி ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். எங்கள் ஊர், ஆவூரிலிருந்து மினி பஸ்ஸில் வரும் தூரம். ஆவூர்க் கோயில் பெரியது, ஃப்ரேமுக்குள் அடங்காது என்று கேமராமேன் சொன்னதால் எங்கள் சின்னக் கோயிலுக்கு வந்தார்கள். சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை வைக்க மட்டும் வருவார். மற்ற நாள்களில் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, ஜெபம் சொல்வது எல்லாம் உபதேசியார் வேலை. அந்த உபதேசியார் என் அப்பா இன்னாசி. சாமியார் அனுமதி கொடுத்துவிட்டு, உள்ளே செருப்பு கூடாது, முத்தம் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படக்குழுவுக்குச் செருப்புதான் கஷ்டமாக இருந்தது.

காட்சி இதுதான். எங்களில் ஒரு கல்யாணம் என்றால், முன்னதாக மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் மாப்பிள்ளை பேரை வாசிப்பார்கள். இவர்கள் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார்கள். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இப்போது ஜெராக்ஸ் தாள்தான், ஆனாலும் ஓலைதான். படத்தில் நாயகிக்கும் வேறொருவனுக்கும் ஓலை வாசிக்கும்போது, நாயகன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உருக வேண்டும். பின்னால் சோகப் பாட்டு.

உபதேசியாராக நடிக்க வேண்டியவர் வரும் வழியில் எங்கேயோ கொத்து பரோட்டா தின்று, திருச்சியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். வெற்றிசெல்வன் என் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, மூக்குக் கண்ணாடி. அசல் உபதேசியார் மாதிரியே இருக்கிறார் என்றார்.

தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் கதாபாத்திரங்களின் பெயர் இருந்தது. அப்பா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லாத ஆளுகளுக்கு ஓலை வாசிக்க முடியாது தம்பி. இந்த எடத்துல நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

வெற்றிசெல்வன் அரை மணி நேரம் கெஞ்சினார். இயக்குநர் வந்து கலை என்றால் என்ன என்று விளக்கினார். அப்பா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கடைசியில் வெற்றிசெல்வன் தொழில் ரகசியத்தை அவிழ்த்தார்.

"ஐயா, இது பாட்டு சீன். ஸ்பீக்கர்ல பாட்டு ஓடும். நீங்க பேசுறது படத்துல வராது. வாய் அசைஞ்சாப் போதும். ஹீரோயினே எண்ணிக்கிட்டுத்தான் இருக்கு."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நான் சொல்றது யாருக்கும் கேக்காதா?"

"ஒங்களுக்கே கேக்காது."

அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பீடத்தின் அருகே போய் நின்றார்.

பெஞ்சுகளில் ஊர்ச் சனம் உட்கார்ந்திருந்தது. முன் பெஞ்சில் பாடல் குழு. அதன் தலைவி அடைக்கலமேரி சின்னம்மா. கோயிலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் ஜஸ்டின் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். சின்னம்மாவும் அப்பாவும் சண்டை போடாத ஞாயிறு கிடையாது. அப்பா பாட்டை இழுப்பார். சின்னம்மா ஓட்டுவார். ஒரு பாட்டைக்கூட இருவரும் ஒன்றாக முடித்து நான் கேட்டதில்லை. ஊரில் அந்த வயதுப் பெண்கள் எல்லாரும் அப்பாவை "அண்ணே" என்பார்கள். சின்னம்மா மட்டும் "உபதேசியாரே" என்பார். எல்லாரும் சண்டைதான் காரணம் என்று நினைத்தோம்.

கண்ணீர் வர கிளிசரின் கொண்டுவந்தவரிடம், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எதுக்கு அழணும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் சின்னம்மா.

மூன்று டேக் ஆனது. முதல் டேக்கில் ஐந்தாவது குட்டி உள்ளே வந்துவிட்டது. இரண்டாவதில் அப்பா வாசித்து முடித்துத் தாளை மடித்ததும் ஊரே பழக்கத்தில் முழந்தாள் போட்டது. கேமராவில் ஒரு தலையும் தெரியவில்லை, நாயகன் மட்டும் காலி மண்டபத்தில் உருகிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஓகே. ஸ்பீக்கர் அலறியதில் நான் நின்ற இடத்தில் பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

படம் வந்தது. இரண்டு வேன் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம். நீளம் அதிகம் என்று பாட்டில் பாதியை வெட்டியிருந்தார்கள். ஓலை வாசிக்கும் காட்சி இருந்தது, அதன் பின்னால் ஓட வேண்டிய பாட்டு இல்லை. அதனால் அந்த இடத்துக்குச் சென்னையில் யாரோ ஒருவரின் குரலைச் சேர்த்திருந்தார்கள். அப்பா வாயைத் திறந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு கனத்த குரல் வந்து கதாபாத்திரங்களின் பெயரை வாசித்தது. உதடு ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் திரையில் தங்கள் தலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. சில நாள் அப்படியே ஜெபம் சொல்லிப் பார்த்தார்.

பிறகு எல்லாரும் மறந்துபோனோம்.

இந்த வருடம்தான் கார்த்திகா என்ற பெண் யூடியூபில் ஒரு காணொளி போட்டாள். அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விஷயங்கள். கிடாக்குட்டி இருந்தது. உப்புத் தண்ணீர் இருந்தது. கூடவே, கோயில் காட்சியில் உபதேசியாரின் உதடும் குரலும் ஒட்டவில்லை, அவர் உண்மையில் யார் பேரைச் சொன்னார் என்று ஒரு கேள்வி. எங்கிருந்தோ மூன்று டேக்குகளையும் வாங்கி, பெரிதாக்கி, மெதுவாக ஓட்டிக் காட்டியிருந்தாள். கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். ஆளாளுக்கு ஒரு பெயர்.

ஊர் பற்றிக்கொண்டது. நாகராசு அண்ணன், உபதேசியார் மாட்டு லோன் கட்டாதவர்கள் பெயரை வாசித்ததாகச் சொன்னார். யாரோ பைபிள் சங்கீதம் என்றார்கள். அப்பாவிடம் கேட்டால், எண்ணினேன் என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். அடிக்கும் நேரம் இல்லை.

இதில் ஜெபக்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. ஜெபக்குமார் செங்கல் லோடு வண்டி ஓட்டுகிறவர். தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு எனக்கு வணக்கம் அனுப்புகிறவர். நான் பதில் அனுப்பியதில்லை. அந்தக் காட்சியை அவர் நாற்பது முறை பார்த்துவிட்டு, உபதேசியார் சொன்னது ஜெபக்குமார், ஷர்லி என்று முடிவு செய்திருந்தார். ஷர்லி நான். மூன்று டேக் என்றால் மூன்று ஓலை, ஊரே உட்கார்ந்திருந்தும் ஒருவரும் தடை சொல்லவில்லை, ஆகவே கணக்குப்படி பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பழத்தோடு வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டுச் சுவர்களை அளவெடுப்பது போல் பார்த்துவிட்டுப் போனார்.

இல்லை என்று வாயால் சொல்லியிருக்கலாம். என்னால் அது முடியவில்லை. நிரூபித்துவிடலாம் என்று ஃபோனை எடுத்தேன்.

'ப', 'ம' இரண்டையும் சொல்ல மேலுதடும் கீழுதடும் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் சொல்ல யாராலும் முடியாது. ஜெபக்குமார் என்றால் உதடு இரண்டு முறை ஒட்டும். காணொளியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். அப்பா முதல் பெயரைச் சொல்லும்போது உதடு ஒருமுறைகூட ஒட்டவில்லை. இரண்டாவது பெயரில் ஒரே ஒருமுறை ஒட்டியது, அதுவும் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால். ஷர்லிக்கு அது தேவையில்லை. பெயரும் நீளம். ஆக நான் தப்பித்தேன்.

அத்தோடு ஃபோனை வைத்திருக்கலாம். முதல் டேக்கையும் இரண்டாவதையும் பார்த்தேன். மூன்றிலும் உதடு அதே மாதிரி. வாய்க்கு வந்ததைச் சொன்னவர் மூன்று முறையும் ஒன்றையே சொல்ல மாட்டார். இரண்டாவது பெயர் முடிந்ததும் மூன்றிலும் கண் தாளைவிட்டு எழுந்து ஒரே இடத்துக்குப் போய் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று ஊரில் உள்ள பெயர்களை எல்லாம் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். உதடு ஒட்டாத ஆண் பெயர் நாலைந்து தேறியது. பெண் பெயரில் ஒன்றுதான் பொருந்தியது.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்படியில் அப்பா ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்புக்கு வெகு முன்பே அம்மா இறந்துபோனதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு அவர் பொறுப்பு.

ஜெபக்குமாருக்கு முதல்முறையாகப் பதில் அனுப்பினேன். உங்கள் பெயருக்கு உதடு இரண்டு முறை ஒட்ட வேண்டும், அப்பாவுக்கு ஒட்டவில்லை. அவர் ஒரு கும்பிடும் இரண்டு ரோஜாவும் அனுப்பினார். பதில் வந்ததே போதும் என்று நினைத்திருப்பார்.

அந்த வாரம்தான் அடைக்கலமேரி சின்னம்மா ஊரைவிட்டுப் போவதாகத் தெரிந்தது. ஜஸ்டினின் மனைவிக்குப் பேறுகாலம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை வண்டி வருகிறது. கடைப் பலகையைக் கழற்றியாகிவிட்டது. தைக்கக் கொடுத்த துணிகளை வீடு வீடாகப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னுடைய சுடிதாரையும் கொடுத்தார். ரெண்டு பக்கமும் துணி விட்டிருக்கேன், பெருத்தா பிரிச்சுக்க என்றார். திரும்பி வரப்போகிறவர் யாரும் அப்படி விட்டுத் தைக்க மாட்டார்கள்.

அப்பா அந்த நாள்களில் பாட்டை இன்னும் இழுத்தார். சாயங்கால ஜெபம் முடிய இருட்டிவிடும். சின்னம்மா அவரை முந்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பாடல் குழுவே பயந்துபோனது.

சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன். "சின்னம்மா திங்கக்கெழமை போறாங்களாம்ப்பா."

"மகன் கூப்புட்டா போக வேண்டியதுதானே."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

அப்பா ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "கட்டிக் குடுக்க வேண்டிய புள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு, இந்த வயசுல நான் வாயைத் தொறந்தா ஊரு என்னைப் பேசாது. ஒன்னையப் பேசும். ஒன்னையக் கேட்டு எவன் வருவான். சாப்புடு."

அப்பா என்னிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது இல்லை. பதிலுக்கு நான் அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து சாமியார் பைக்கில் கிளம்பியதும் கார்த்திகா வந்து இறங்கினாள். கூட ஒரு கேமராக்காரர். முதல் காணொளி நன்றாகப் போனதால் இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறாளாம். அப்பாவைக் கோயில் வாசலில் நிற்க வைத்துச் சட்டைக் காலரில் மைக்கைக் குத்தினாள். ஊரே கூடிவிட்டது. நாகராசு அண்ணன் டீக்கேனோடு வந்துவிட்டார். ஜெபக்குமார் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் இரண்டு அடி தள்ளிப் போனேன். அவரும் வந்தார்.

அன்றைக்கு என்ன சொன்னீங்கய்யா என்று கார்த்திகா கேட்டாள்.

எண்ணினேன் என்றார் அப்பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று.

அவள் விடவில்லை. மூன்று என்று சொன்னால் எடுத்த எடுப்பிலேயே உதடு ஒட்ட வேண்டும், உங்களுக்கு ஒட்டவில்லை என்று கருத்துப் பகுதியில் ஒருவர் வரைபடம் போட்டே விளக்கியிருப்பதாகச் சொன்னாள். கூட்டத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரோ கிடாக்குட்டியின் பெயரைச் சொன்னார்கள். ஜெபக்குமார் அடக்கத்தோடு தரையைப் பார்த்து நின்றார்.

அடைக்கலமேரி சின்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் கோயில் ஆர்மோனியப் பெட்டியின் சாவி இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தார். கொடுக்கவில்லை.

"மூணு தடவையும் முன் பெஞ்சுல ஒக்காந்திருந்தவ நான்தான். அந்தப் பாட்டுச் சத்தத்துல ஒரு எழவும் கேக்கலை. என்னத்தை வாசிச்சீங்க உபதேசியாரே? போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேரி" என்றார். அப்பா சின்னம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. நாகராசு அண்ணன் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

"சரி" என்று சொல்லிச் சின்னம்மா சாவியை நீட்டினார். அப்பா அதை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது. என்னிடம் எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

"பேருதான் சொன்னாரு," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கேமராவும் திரும்பியது. ஜெபக்குமார் நிமிர்ந்து நின்றார்.

"மைக்ல விழலைங்க," என்றாள் கார்த்திகா. "சத்தமாச் சொல்லுங்க. யாரு பேரு?"

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அவரைப் பார்க்காமல் சின்னம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னாசி, அடைக்கலமேரி. மூணு ஓலையும் எங்கப்பா ஒங்க ரெண்டு பேருக்கும்தான் வாசிச்சாரு."